முன்னே மூவரா, நால்வரா?

அமெரிக்க உதைபந்தாட்டத்திற் பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். பந்துடைய அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேறுதல் வேண்டும். தடுக்கும் பதினொருவருள் எத்தனை பேர் பந்தின் முன்னே குனிந்து நிற்பது என்பதே காப்பணியின் தலையாய வினா.

1956இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியின் காப்புப் பயிற்றுநர் ரொம் லான்ட்றி, முன்னே நால்வரையும் அவர்பின் மூவரையும் நிறுத்தினார். அம்மூவரின் நடுவே நின்ற சாம் ஹஃப் பெரும்புகழ் எய்தினார். இவ்வகுப்பில் ஒளிவுமறைவு குறைவு. பாய்ந்து வருவோர் பெரும்பாலும் முன்னிற்கும் நால்வரே.

முன்னே மூவர், பின்னே நால்வர் நிற்கும் வகுப்போ சூது நிறைந்தது. நான்காமவராகப் பாய்பவர் பின்வரிசையில் எவரென்பது பந்து அசையும்வரை தெரியாது. 1981இல் அதே ஜயன்ட்ஸ் அணியிற் சேர்ந்த லோறன்ஸ் ரெய்லர் ஓரத்திலிருந்து இவ்வாறு பாய்ந்தே எதிரணிகளைக் கலங்கடித்தார். ஆயினும் இச்சூதின் பாரம் முன்வரிசையின் நடுவே நிற்பவர் தலையிலேயே விழுகிறது. அவர் எதிரிகள் இருவரைத் தனித்துத் தாங்குதல் வேண்டும்; சற்றுத் தளர்ந்தாலும் நடுவழி திறந்துவிடும். பார்வையாளர் அவர் பெயரை முழங்குவதோ அரிது.

இந்நாளில் எறிந்தாடுதல் மிகுந்துவிட்டது. ஆகவே அணிகள் இவ்வெழுவருள் ஒருவரைக் குறைத்து, பந்து பிடிப்போரைத் தொடரவல்ல விரைவோட்டக்காரரைச் சேர்க்கின்றன. அப்போது இருவகுப்புகளின் பேதமும் மங்கிவிடுகிறது.