மோலோடோவுக்கு ஊத்திக் கொடுத்த காக்டெய்ல்

போன எபிசோடு கேட்டுட்டு ஒருத்தர் கேட்டிருந்தார்: "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல வர ஆல்கெமிஸ்ட்ஸ் ஃபயரும் நம்ம பேப்பர்ல வர பெட்ரோல் குண்டும் ஒண்ணுதானே?" பார்க்க ஒண்ணுதான். பாட்டில், நெருப்பு, வீச்சு. ஆனா எனக்கு ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய வித்தியாசம் தெரியுது.

முதல்ல வரலாறு. 1939 நவம்பர் 30, சோவியத் படை பின்லாந்துக்குள்ள நுழையுது. ஹெல்சிங்கி மேல குண்டு விழுது. சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவ் என்ன சொன்னார்னா, நாங்க குண்டு போடல, பசியில இருக்கிற மக்களுக்கு உணவு போடுறோம்னு! பின்லாந்துக்காரங்க சும்மா இருப்பாங்களா? மேலிருந்து விழுந்த கொத்துக்குண்டுக்கு 'மோலோடோவின் ரொட்டிக்கூடை'ன்னு பேர் வச்சாங்க. ரொட்டி அவர் தந்தா, தொட்டுக்க குடிக்க நாம ஏதாவது தரணும்ல? அப்படி வந்ததுதான் 'மோலோடோவ் காக்டெய்ல்'.

பேர்தான் பின்லாந்துல பிறந்தது. ஆயுதம் அதுக்கு முன்னாடியே ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல வந்துடுச்சு. அங்கேயும் எதிர்ல நின்னது சோவியத் டாங்கிகள்தான்.

பின்லாந்துகிட்ட டாங்கியை அடிக்கிற பீரங்கி ரொம்பக் குறைவு. பாட்டில்தான் நிறைய இருந்துச்சு, ஏன்னா அரசாங்கமே மது கம்பெனி நடத்துச்சு (டாஸ்மாக் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல). ஆல்கோங்கிற அந்த நிறுவனத்தோட ராயமாக்கி ஆலையில 5 லட்சத்துக்கும் மேல தயாரிச்சாங்க. கைக்குக் கிடைச்சதை வச்சுச் செய்யற ஆயுதம்னு சொல்றோம், ஆனா இது தொழிற்சாலை உற்பத்தி.

இதுல கொடூரமான விஷயம் தூரம். பீரங்கிக்காரன் தள்ளி நின்னு சுடலாம். பாட்டில் வச்சிருக்கிறவன், மெஷின்கன் சுடுற டாங்கி கிட்டத்துல வர்ற வரைக்கும் பனியில படுத்துக் காத்திருக்கணும். எறிஞ்சது சரியா படலைன்னா? ரெண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் கிடையாது. உள்ளே இருந்த டாங்கிக்காரங்களும் இருபது வயசுப் பசங்கதான். அவங்க செத்த விதத்தை நினைச்சா காக்டெய்ல்ங்கிற ஜோக் தொண்டையில நிக்குது.

இப்போ கேமுக்கு வருவோம். 2014ல வந்த ஐந்தாம் பதிப்புல ஆல்கெமிஸ்ட்ஸ் ஃபயர் 20 அடி தூரம் எறியலாம். அதாவது நாலு கட்டம். தூரத்தை நல்லாவே பிடிச்சிருக்காங்க. பட்டா, ஒவ்வொரு டர்னுக்கும் நாலுமுக டைஸ் ஒண்ணு உருட்டி டேமேஜ். விலை? 50 தங்கக் காசு! நீளவாள் 15தான். மூணு வாள் வாங்கினாலும் மிச்சம் வரும். வழியில்லாதவன் கையில எடுத்ததை கேம் பணக்காரன் பொருளா மாத்திடுச்சு.

இதோட தாத்தா மோலோடோவ் இல்ல, பைசாந்தியப் பேரரசோட 'கிரேக்க நெருப்பு'ன்னுதான் நான் நினைக்கிறேன். 7ஆம் நூற்றாண்டு, கப்பல்ல இருந்து பீய்ச்சுற ரகசியக் கலவை. இன்னைக்கு வரைக்கும் செய்முறை சரியா யாருக்கும் தெரியாது. ரகசியம்னா விலை ஏறத்தானே செய்யும். அதே ரூல்புக்ல ஏழைக்கும் ஒண்ணு இருக்கு: ஒரு வெள்ளிக்காசுக்கு ஒரு குடுவை எண்ணெய். ஆனா ஊத்தினா மட்டும் போதாது, தீ தனியா வைக்கணும்.

என் டேபிள்ல ஒரு ஹவுஸ் ரூல் வச்சிருக்கேன். முற்றுகையில இருக்கிற ஊர்ல இந்தக் குடுவை இலவசம். ஆனா 10 அடிக்குள்ள போனாதான் எறியலாம், குறி தப்பினா எதிரிக்கு உடனே ஒரு அட்டாக். அதுக்கப்புறம் எங்க பசங்க குடுவையை எடுக்கிறதுக்கு முன்னாடி, "யாரு போறது?"ன்னு பத்து நிமிஷம் பேசிக்கிறாங்க.