யானையின் விலா உரைத்த வழக்கு

பதுளை நகரிலுள்ள தூய மாற்கு ஆலயம், மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த அவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினாரென்பர். 1845 ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி வீழ்ந்து இறந்தார். ஊவாக் காடுகளில் யானைகள் மலிந்திருந்த அக்காலத்தை அடுத்து, இலங்கை யானையின் விலா எலும்பைக் குறித்து ஒரு வழக்கு அறிஞரிடையே எழுந்தது.

அவ்வழக்கை அறியுமுன் விலாவின் வகைகளை அறிதல் நன்று. விலா எலும்புகள் யாவும் முள்ளந்தண்டில் தொடங்கி முன்னோக்கி வளைகின்றன. தன் குருத்தெலும்பால் மார்பெலும்பை நேரே சென்றடைவது மெய் விலா. முன்னுள்ளதன் குருத்தெலும்பைப் பற்றி நிற்பது பொய் விலா. எதனையும் பற்றாது தசைக்குள் முடிவது மிதக்கும் விலா. மனிதருக்குள்ள 12 சோடியில் மெய் 7, பொய் 3, மிதப்பவை 2. தோட்டத்து லயத்தின் பின்னே கட்டியிருக்கும் பசுவுக்கு 13 சோடி. மெய் 8, பொய் 5. குதிரைக்கு 18 சோடி. மெய் 8, பொய் 10. முன்னுள்ளவை உறுதியாய் நின்று இதயத்தைக் காக்கின்றன. பின்னுள்ளவை மூச்சுக்கேற்ப எளிதில் விரிந்து சுருங்குகின்றன.

ஆசிய யானைக்கோ 19 அல்லது 20 சோடி. இந்த ஒரு சோடி வேறுபாடே வழக்குக்கு வித்தாயிற்று. 1847 இல் ஒல்லாந்த அறிஞர் தெம்மிங்க், சுமாத்திரா யானையைத் தனியினமென்றார். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனந்து, இலங்கை யானைக்கும் விலா 20 சோடியே என்றும், ஆகவே அது இந்திய யானையின் இனமன்று, சுமாத்திரா யானையின் இனமே என்றும் எழுதினார். இத்தீவு இந்தியாவினின்று பிரிந்ததன்று என்னும் தம் கொள்கைக்கும் அதனைத் துணையாக்கினார். 1863 இல் ஹியூ பால்க்கனர் இதனை மறுத்தார். இன்று இவையனைத்தும் ஆசிய யானை என்னும் ஓரினத்துள் அடங்குவனவே. விலாவின் எண்ணிக்கை ஓரினத்துக்குள்ளேயே மாறக்கூடியது. மனிதரிலும் சிலர் கழுத்தடியில் ஒரு விலா மிகையாகப் பெற்றுப் பிறக்கின்றனர். அவர்களை வேற்றினத்தாரென்று எவரேனும் தள்ளுவரோ?

யானையிடம் கேட்ட கேள்வி, பின்னர் அதே மலைகளில் மனிதரிடமும் கேட்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை பிறந்த மண்ணுக்கும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்த மண்ணுக்கும் தோட்ட மக்களிடம் சான்று கேட்டது. காட்டித்தர ஏடில்லாதோர் நாடற்றவராயினர். இங்கு எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

விலாவைக் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் எண்களை எழுதுகையில் இதனையும் சொல்லலாம். விலா எத்தனையென்று எண்ணுதல் எளிது. அது எந்த வேலைக்கு அமைந்ததென்று ஆராய்தலே கல்வி. ஒருயிர் எந்த மண்ணுக்குரியதென்ற தீர்ப்பை எலும்பிடம் கேட்டால், கேட்பவரின் விருப்பமே விடையாக வந்து நிற்கும்.