பாலில்லாப் பாயசம்

ஆடிப் பதினெட்டு, தைப்பொங்கல், சித்திரை வருஷப் பிறப்பு என்று எந்த விசேஷம் வந்தாலும் கள்ளக்குறிச்சி வட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் பாயசம் மணக்கிறது. அதை ஒரு டம்ளர் அருந்திய இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, இரைந்து, வலித்து, பேதியும் கண்டு அவதிப்படுகிறவர்கள், ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிப் பந்தியில் ஒதுங்கிவிடுகிறார்கள். இவர்கள் விலக்க வேண்டியது பாலைத்தானே தவிரப் பாயசத்தை அன்று.

உபாதையின் மூலம்

பாலில் இயற்கையாக அமைந்துள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் சிறுகுடலில் பிரித்து ஜீரணிக்கச் செய்வது லாக்டேஸ் என்னும் நொதி. குழந்தைப் பருவம் கழிந்தபின் உலக ஜனங்களில் பெரும்பாலோருக்கு இந்த நொதி குறைந்துவிடுவதால், ஜீரணமாகாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து, நீரை ஈர்த்துப் பேதியையும், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவையும் உண்டாக்குகிறது. பாலைக் காய்ச்சுவதால் லாக்டோஸ் அழிவதில்லை. சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்கிறது. தயிர் புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துபோகிறது. நீர்மோரைச் சுகமாக அருந்துகிறவர்கூடப் பால் பாயசத்தால் துன்புறுவது இதனால்தான்.

ஒவ்வாமை வேறு

பாலின் புரதங்களை உடல் பகையாகக் கருதி எதிர்ப்பது பால் ஒவ்வாமை. இது பெரும்பாலும் சிறு குழந்தைகளிடம் காணப்படுவது. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியன இதன் அடையாளங்கள். ஜீரணக் குறை உள்ளவர் ஒரு கரண்டி நெய்யைத் தாங்கிக்கொள்ளக்கூடும். ஒவ்வாமை உள்ளவருக்கோ நெய்யில் எஞ்சிய அற்பப் புரதமும், பால் பாயசத்தில் தோய்ந்த கரண்டியுமே ஆபத்தாகலாம்.

மலைத் தானியமும் தேங்காயும்

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மானாவாரியில் விளைவித்து வரும் சாமை, பாலில்லாப் பாயசத்துக்கு மிகவும் உகந்த தானியம்.

அரை டம்ளர் சாமை அரிசியைக் களைந்து அரைமணி ஊறவையுங்கள். ஒரு தேங்காயைத் துருவி அரைத்து, முதற்பாலைத் தனியே எடுத்து வைத்து, மறுபடி நீர் விட்டுப் பிழிந்த இரண்டாம், மூன்றாம் பாலில் சாமையைக் குழைய வேகவையுங்கள். முக்கால் டம்ளர் வெல்லத்தை நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சாமை நன்றாக வெந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் தானியம் விறைத்து நிற்கும். ஏலமும் சுக்கும் பொடித்துப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு சற்றுத் தணிந்ததும் முதற்பாலை ஊற்றிக் கலக்குங்கள். முதற்பால் கொதித்தால் திரிந்துவிடும். நெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயில் தேங்காய்ப் பல்லை வறுத்துச் சேர்த்தால் மணம் குறையாது. அருந்தும் பதத்துக்கு வெந்நீர் விட்டு நீர்க்கச் செய்துகொள்ளலாம்.

பாலின் சத்துக்கு ஈடு

தேங்காய்ப்பால் பெயரளவில்தான் பால். பசும்பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதில் சொற்பமே, கொழுப்போ மிகுதி. ஆகவே பாலை அடியோடு நீக்கியவர்கள் விசேஷ நாளில் பாயசம் பருகுவதோடு நில்லாமல், அன்றாட ஆகாரத்தில் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பருப்பு வகைகளைச் சேர்த்துக்கொள்வது அவசியம். நூறு கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டென்றால், அதே எடையுள்ள உலர்ந்த கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு.

கவனிக்க வேண்டியவை

வெல்லமும் சர்க்கரையே, நீரிழிவு உள்ளவர்கள் சாமையை நம்பி அளவை மீறலாகாது. ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்குத் தாய்ப்பாலின் ஸ்தானத்தில் தேங்காய்ப்பாலையோ தானியப் பாலையோ கொடுப்பது தகாது. எடை குறைதல், மலத்தில் ரத்தம், ஓயாத பேதி ஆகியவற்றைப் பாலின் குற்றமென்று தாமே தீர்மானித்துக்கொள்ளாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ கண்டால் கைவைத்தியத்தில் காலம் கழிக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். வெள்ளிமலை போன்ற மலையூர்களிலிருந்து கீழே இறங்கி வரவே நேரம் பிடிக்குமாதலால், அங்குள்ளோர் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

விருந்துக்கு அழைக்கும்போதே ‘பால் ஒத்துக்கொள்ளுமா?’ என்று கேட்டுவிட்டு, பாலில்லாப் பாயசத்துக்குத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் வைப்பது உபசாரத்தின் ஓர் அங்கமாக நம் இல்லங்களில் நிலைபெற வேண்டும்.