வாத்து, நாய், பதினாலு அங்குல டிவி

எங்கள் தெருவுக்கு முதல் வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். டிவி ஐந்தாமவனுடையது. அவன் ஒரு பைசா போடவில்லை, ஆனால் முதல் ஆட்டம் எப்போதும் அவனுக்குத்தான். தொண்ணூறுகளின் நடுவில், பொங்கலுக்குக் கிடைத்த காசையெல்லாம் சேர்த்துக்கொண்டு புள்ளலூரிலிருந்து காஞ்சிபுரம் போய் வாங்கிவந்தோம். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983-இல் விற்க ஆரம்பித்த ஃபேமிகாம் என்கிற பெட்டியின் நகல் அது. அந்தப் பெயரெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அது டிவி கேம். பெட்டிக்குள் செருகுவது கேசட். மேலே 'ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள்' என்று அச்சடித்திருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான் வேறு வேறு கட்டத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும்.

ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேம் ஒயரைச் செருக வேண்டும். சேனல் குமிழைத் திருகித் திருகி மாரியோ தெரியும்வரை தேட வேண்டும். படம் கலங்கினால் கேசட்டை உருவி 'ஃபூ' என்று ஊதிச் செருகுவோம். வேலை செய்தது ஊதல் இல்லை. மறுபடி செருகும்போது தகடு சரியாக உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். எச்சில் ஈரம் பட்டால் தகடு துருப்பிடிக்கும் என்று பின்னால்தான் படித்தேன். இன்றைக்கும் யாராவது என்னிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்தால் வாய் தன்னால் குவிகிறது.

மாரியோ ஆட்டம் முழுக்க 40 கேபி. இப்போது வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரியது. அந்த 40 கேபியை நாங்கள் இரண்டு வருஷம் ஆடினோம். கான்ட்ரா ஆட்டத்தில் இரண்டு பேர் தோளோடு தோள் நின்று சுடலாம். 'மேல மேல கீழ கீழ, இடது வலது இடது வலது, பி ஏ' என்று அழுத்தினால் மூன்று உயிர் முப்பது உயிராகும். காஞ்சிபுரத்தில் படித்த ஒரு பையனிடமிருந்து இதைக் கற்றுவந்தவனுக்குத் தெருவில் கொஞ்ச நாள் தனி மரியாதை இருந்தது.

குறை என்று பார்த்தால் கரண்டுதான். அந்தப் பெட்டியில் ஆட்டத்தை நிறுத்திச் சேமித்துவைக்க வழி கிடையாது. ஏழாவது கட்டத்தில் கரண்டு போனால் முதல் கட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அடுத்த குறை, டிவி வீட்டுப் பெரியவர்களுடையது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டு நிகழ்ச்சி நேரத்தில் மாரியோ, இளவரசி இரண்டு பேருமே காத்திருக்க வேண்டும்.

கேம் மெஷின்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கிராஃபிக்ஸ், வேகம், எந்தக் கம்பெனிக்கு எந்த ஆட்டம் சொந்தம் என்று ஒப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கணக்கு செல்லாது. அந்த டிவி கேமுக்குப் பிறகு இங்கே வென்ற மெஷின் எதுவும் ஆடுவதற்கென்று வீட்டுக்குள் வந்ததில்லை. வேறு வேலையாக வந்து, ராத்திரியில் ஆட்டக்காரனாக மாறியவைதான் எல்லாம். அவற்றில் பாதி, ரேஷன் கார்டையும் பள்ளிக்கூடத்தையும் பிடித்துக்கொண்டு வந்தவை.

2006 தேர்தலில் தி.மு.க. இலவச கலர் டிவி தருவதாகச் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 14 அங்குலம். மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. அம்மாக்களுக்கு சீரியல் கிடைத்தது. எங்களுக்குப் பின்னால் வந்த பையன்களுக்கு ஐந்தாமவனின் தயவு தேவைப்படாமல் போனது. வீட்டில் பழைய டிவி இருந்தால் அரசு டிவி பையன்களுக்கு. தெருவுக்கு ஒரு கேம் பெட்டி என்பது போய், நாலு வீட்டுக்கு ஒன்று ஆனது.

அதே 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். அவர்கள் கையில் இருந்த நோக்கியாவில் பாம்பு ஆட்டம் இருக்கும். ஒரு பாம்பு, ஒரு இரை, வளர வளர ஆபத்து. ஒரு முறை சார்ஜ் போட்டால் மூன்று நாலு நாள் தாங்கும் கருப்பு வெள்ளைத் திரை. விரல்நுனியில் கேம் என்பதை எங்கள் பக்கத்தில் முதலில் பழகியவர்கள், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் தூக்கத்தை விரட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண்கள்தான் என்று நினைக்கிறேன். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. பாம்பு அதற்கு முன்பே பழசாகிவிட்டது.

2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசின் மடிக்கணினித் திட்டம் வந்தது. பிளஸ் டூ படித்த என் தங்கைக்கு ஒன்று கிடைத்தது. மூன்று மாதத்தில் அது அவளுடையது என்பது எல்லாருக்கும் மறந்துவிட்டது. பென்டிரைவில் வைஸ் சிட்டி ஆட்டம் வந்து இறங்கியது. பிறகு கிரிக்கெட் 07, ஐ.ஜி.ஐ. என்று ஒவ்வொன்றாக. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அந்த மடிக்கணினிக்குப் பழைய ஆட்டம்தான் தாங்கும். புதுசு எதையாவது போட்டால் விசிறி ஊளையிடும். ஆனால் அதற்கு ஒரு பெரிய பலம் இருந்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. தெருவே இருட்டிக் கிடக்கும்போது, பேட்டரியில் ஓடும் அந்தத் திரையைச் சுற்றி மட்டும் ஏழெட்டு முகம் வெளிச்சமாகத் தெரியும். ஆட்டத்தைச் சேமித்தும் வைக்கலாம். கான்ட்ரா காலத்துச் சாபம் அதோடு தீர்ந்தது.

வைஸ் சிட்டியில் போலீஸ் துரத்தினால் 'லீவ் மீ அலோன்' என்று தட்டச்சு செய்தால் விட்டுவிடுவார்கள். ஆங்கிலப் பாடத்தில் பெயிலான பையன்கள் அதைப் பிழையில்லாமல், விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பார்கள். தங்கை அவர்களிடம் அதையே தமிழில் பலமுறை சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, 2018-இல் பப்ஜி. அப்புறம் கொரோனா. ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கி ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். வகுப்பு முடிந்த கையோடு அதே போனில் ஃப்ரீ ஃபயர் திறந்துகொண்டது. பப்ஜியில் நூறு பேர், பெரிய வரைபடம், அரைமணி ஆட்டம், அதற்கு நல்ல போன் வேண்டும். ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், விலை குறைந்த போனிலும் ஓடும். எங்கள் ஊர் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மாக்களுக்கு மட்டும் எல்லாமே பப்ஜிதான். கேண்டி கிரஷ் ஆடினாலும் "பப்ஜி ஆடிக் கெட்டுப்போறான்" என்றுதான் சொல்வார்கள்.

போனைத் திட்டி எழுதுவது எளிது. எனக்கு அதில் முழு மனசு இல்லை. காஞ்சிபுரத்தில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய கேம் கடைகளில் ஒரு பெண்பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. தங்கையின் மடிக்கணினி கதையைச் சொல்லிவிட்டேன். போனில் அவள் என்ன ஆடுகிறாள் என்று எட்டிப் பார்க்க யாருமில்லை. எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண் தன் குழுவுக்குத் தலைவி. மதுரையிலும் கோவையிலும் இருக்கும் பையன்களை அதட்டி ஓட்டுகிறாள்.

குறையும் கண்ணெதிரே இருக்கிறது. சித்திரை வெயிலில் போன் சூடேறி ஆட்டம் திணறும். ஃபேனுக்கு அடியில் போனை நீட்டிப் பிடித்து ஆற்றுவார்கள். வியர்த்த கட்டைவிரல் கண்ணாடியில் வழுக்கும் என்று பவுடர் பூசிக்கொள்கிறார்கள். ஆட்டத்துக்குள் செலவழிக்கும் டைமண்டு வாங்குவதற்காக அப்பாவின் கணக்கில் கைவைத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படும் குறை வேறு. நாங்கள் வாங்கிய கேசட் எங்களுடையது. மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், திருட்டும் போகலாம். போனில் இருக்கும் ஆட்டம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. அவற்றின் இடத்தை பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்று வேறு பெயர்கள் பிடித்துக்கொண்டன என்பது உண்மைதான். ஆனாலும் கான்ட்ராவை டில்லியிலிருந்து யாரும் அணைத்திருக்க முடியாது.

சுடுவதும் குண்டு போடுவதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதாகச் செப்பேடு சொல்லும் புள்ளலூர் இதுதான். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஐதர் அலியும் திப்புவும் இங்கே முறியடித்தார்கள். இரும்புக் குழாயில் மருந்தடைத்த மைசூர் ராக்கெட்டுகள் அந்தப் போரில் பறந்தன. அடுத்த ஆண்டு இங்கேயே நடந்த சண்டையில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் வயல்வெளியில் நிற்கின்றன. அந்தத் தூணின் நிழலில் உட்கார்ந்து இரண்டு பையன்கள் போனில் ராக்கெட் விட்டுக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்குமாம்.

அந்த டிவி கேமுக்குப் பிறகு, ஆடுவதற்கென்றே வாங்கிய வேறு மெஷின் ஊருக்கு வர இருபத்தைந்து வருஷம் ஆனது. ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் ஒரு தம்பி தவணையில் பிஎஸ்5 வாங்கினான். 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அப்போது புது ஆட்டம் ஒன்று நாலாயிரம், ஐந்தாயிரம். இன்வெர்ட்டர் மாறும் நொடியில் அணைந்துவிடுகிறது என்று புலம்புகிறான். ஆனால் அவன் வீட்டில்தான் சாயங்காலம் திரும்பவும் செருப்புகள் குவிகின்றன. நாலு பேர் காசு போட்டு ஒரு கால்பந்து டிஸ்க் வாங்கியிருக்கிறார்கள். டிஸ்க் போடும் வசதியுள்ள மாடலாகப் பார்த்து வாங்கினது அதற்குத்தான். ஆடி முடித்து விற்றுவிடலாம். முதல் ஆட்டம் யாருக்கு என்று கேட்டேன். "வீடு என்னுதுண்ணா" என்றான்.

போன மாதம் பரணை ஒழிக்கும்போது எங்கள் பழைய பெட்டி கிடைத்தது, வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கியோடு. அக்கா மகன் விடவில்லை. எல்ஈடி டிவியில் மாட்டினோம், மாரியோ ஓடினான். வாத்து மட்டும் சாகவில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்குமிடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். பழைய பிக்சர் டியூபில் அது அந்த நொடியே நடக்கும். எல்ஈடியில் படம் சற்றுத் தாமதமாக வருகிறது, துப்பாக்கி ஏமாந்துபோகிறது. சின்ன வயதில் டியூப் லைட்டை நோக்கிச் சுட்டு ஏமாற்றப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அப்போது துப்பாக்கி ஏமாறவில்லை.

சித்தி வீட்டுத் திண்ணையில் முறத்துக்கும் மூட்டைக்கும் நடுவில் அரசாங்க டிவி இருந்தது. துடைத்து, தூக்கிவந்து, சேனல் தேடினோம். உஸ்ஸென்ற சத்தம், பிறகு நீல வானம், புல். பையன் மூன்று குண்டையும் சுட்டான். மூன்றும் தப்பின. புல்லுக்குள்ளிருந்து ஆட்டத்தின் வேட்டை நாய் எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"மாமா, இந்த நாயை ரிப்போர்ட் பண்றது எங்க இருக்கு?" என்றான்.