இது வெறும் வயிற்று வலியா?

பச்சை மிளகாய் நறுக்கிய கையால் மறதியாகக் கண்ணைத் தொட்டுவிட்டு அவதிப்படாத பெண்மணி உண்டா? நெருப்பை வைத்தது போல் கண் எரிகிறது. ஆனால் அங்கே நெருப்பும் இல்லை, சூடும் இல்லை. அப்படியானால் 'சுடுகிறது, சுடுகிறது' என்று மூளைக்குச் சேதி சொன்னது யார்?

இந்தக் கேள்விக்கு 1997-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் விடை கண்டுபிடித்தார்கள். 2021-ல் ஆர்டம் படபூட்டியன் என்ற மற்றொரு விஞ்ஞானியுடன் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றார்.

மிளகாய்க்கும் பெண்களின் வயிற்று வலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. மாதா மாதம் எத்தனையோ பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து வரும் ஒரு வலியைப் புரிந்துகொள்ள, அந்தக் கண்டுபிடிப்பும் உதவியிருக்கிறது.

இடம் மாறிய திசு

கர்ப்பப்பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. மாதந்தோறும் அது தடித்து வளரும். கரு தங்காவிட்டால் உதிர்ந்து மாதவிலக்காக வெளியேறும். சில பெண்களுக்கு இதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையின் மேலோ, வயிற்றின் உட்சவ்விலோ, குடலிலோ, மூத்திரப் பையிலோ வளர்ந்துவிடுகிறது. இந்த நோய்க்கு 'எண்டோமெட்ரியோசிஸ்' என்று பெயர். நியூயார்க் மாகாணத்தில் ஆல்பனி நகரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஜான் ஸாம்ப்ஸன் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

இடம் மாறினாலும் அந்தத் திசு தன் குணத்தை விடுவதில்லை. மாதந்தோறும் சுரக்கும் ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டு வீங்குகிறது; கசிகிறது. ஆனால் கசிந்த ரத்தம் வெளியேற அங்கே வழி ஏது? சுற்றிலும் புண்ணாகி, தழும்பு கட்டி, சில சமயம் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் விடுகின்றன.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, அதாவது உலகம் முழுவதும் ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. அப்படியானால் நமக்குத் தெரிந்த வீடுகளிலேயே ஒருத்தியாவது இருப்பாள் அல்லவா?

டாக்டர்களைத் திகைக்க வைத்த புதிர்

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு பெண்ணின் வயிறு முழுவதும் இந்தத் திசு பரவியிருக்கும். அவளுக்கு வலியே தெரியாது. இன்னொருத்திக்கு இரண்டொரு சிறு புள்ளிகள்தான் இருக்கும். அவள் சுருண்டு படுத்துத் துடிப்பாள். இதனால் வெகு காலம் அநேகப் பெண்கள், "எல்லாம் உன் மனப்பிரமை" என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு திரும்பி வர நேர்ந்தது.

அந்தப் புதிருக்கு விடையின் ஒரு பகுதி நரம்புகளில் இருக்கிறது. நோயுற்ற திசுவை நுண்நோக்கியால் பார்த்தபோது, அதற்குள் மெல்லிய நரம்பு இழைகள் புதிதாக முளைத்து நுழைந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். நரம்புகளை வளரத் தூண்டும் ரசாயனப் பொருளை அந்தத் திசுவே தயாரிக்கிறது. அழையாத விருந்தாளியாக வந்த திசு, தனக்கென்று ஒரு தந்திக் கம்பியையும் இழுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பூட்டும் சாவியும்

நரம்பின் நுனியில் நுட்பமான வாசல்கள் உண்டு. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பூட்டு. அதற்கேற்ற ரசாயனச் சாவி வந்து பொருந்தினால் வாசல் திறக்கும். சேதி மூளைக்குப் பறக்கும். இந்தப் பூட்டுக்கு 'ரிஸெப்டர்' என்று பெயர். 'ஏற்பி' என்று தமிழில் சொல்லலாம்.

டேவிட் ஜூலியஸ் கண்டது இப்படிப்பட்ட ஒரு ரிஸெப்டரைத்தான். ஏறக்குறைய 43 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அது திறக்கும். மிளகாயின் காரமும் அதே பூட்டைத் திறக்கும் கள்ளச் சாவி! அதனால்தான் காரம் நமக்கு எரிச்சலாகத் தெரிகிறது. காரமாகச் சாப்பிட்ட வாயில் வெதுவெதுப்பான காப்பி பட்டால்கூடச் சுடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? பூட்டு இளகிப்போய், சாதாரணச் சூட்டுக்கே வாசல் திறந்துகொள்கிறது.

எண்டோமெட்ரியோசிஸிலும் இதே கதைதான். புண்ணான திசுவில் சுரக்கும் ரசாயனங்கள் இந்தப் பூட்டுகளை இளக்கிவிடுகின்றன. நோயுற்ற திசுக்களில் இந்த ரிஸெப்டர் அதிகமாக இருப்பதையும் பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆகையால் மற்றவர்களுக்கு உறைக்காத சின்ன அசைவுகூட இவர்களுக்குக் கத்தியால் குத்துவது போல் இருக்கிறது. வருஷக் கணக்கில் வலி நீடித்தால் முதுகுத் தண்டும் மூளையுமே அதற்குப் பழகி, லேசான சேதியையும் பெரிதாக்கிவிடுகின்றன. ஆபரேஷன் செய்து திசுவை அகற்றிய பிறகும் சிலருக்கு வலி நீடிப்பதற்கு இது ஒரு காரணம்.

நரம்பும் கூட்டாளியா?

2024-ம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு விஷயத்தை வெளியிட்டார்கள். வலியைச் சொல்லும் நரம்பு சேதி அனுப்புவதோடு நிற்கவில்லை; 'ஸி.ஜி.ஆர்.பி.' என்ற ஒரு பொருளையும் அக்கம்பக்கத்தில் கொட்டுகிறது. குப்பையைக் கூட்டிப் பெருக்க வேண்டிய வெள்ளை அணுக்களின் ரிஸெப்டரில் அது போய்ப் பொருந்துகிறது. உடனே அந்த அணுக்கள் துப்புரவு வேலையை மறந்து, நோய்த் திசு வளர உதவி செய்ய ஆரம்பிக்கின்றன! ஒற்றைத் தலைவலிக்கென்று ஏற்கெனவே விற்பனையில் உள்ள சில மருந்துகள் இந்தச் சேதியைத் தடுப்பவை. அவற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது வலியும் குறைந்தது, திசுவும் சிறுத்தது.

2021-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை விஞ்ஞானிகளும் மற்றவர்களும் சேர்ந்து, நரம்புச் சேதியோடு சம்பந்தப்பட்ட வேறொரு ரிஸெப்டரின் மரபணு மாற்றங்களுக்கும் முற்றிய எண்டோமெட்ரியோசிஸுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். அதைத் தடுக்கும் ஒரு பொருள் எலிகளின் வலியைத் தணித்தது.

எலிக்குக் குணமானது எல்லாம் மனிதருக்கும் குணமாகிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். நரம்பின் இன்னொரு ரிஸெப்டரை அடைக்கும் மருந்து ஒன்றைப் பேயர் கம்பெனி பெண்களிடம் பரிசோதித்து வந்தது. நன்மையையும் அபாயத்தையும் எடை போட்டுப் பார்த்து, 2022-ல் அதைக் கைவிட்டுவிட்டது. ஆகவே தலைவலி மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்கிப் பரீட்சை பார்க்காதீர்கள்!

இப்போது என்ன சிகிச்சை?

நோயை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் வலியை அடக்க வழிகள் உண்டு. ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள், நரம்பு வாசலை இளக்கும் ரசாயனங்கள் சுரப்பதைக் குறைக்கின்றன. ஆனால் வயிற்றுப் புண்ணோ, சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைச் சாப்பிடக் கூடாது. ஹார்மோன் மாத்திரைகள் அந்தத் திசுவின் மாதாந்தர ஆர்ப்பாட்டத்தை அடக்குகின்றன. தேவையானால் சிறு துவாரம் வழியாகக் கருவியைச் செலுத்தித் திசுவை அகற்றும் லாப்ராஸ்கோபி ஆபரேஷனும் உண்டு.

முன்பெல்லாம் நோயை நிச்சயிப்பதற்கே இந்த ஆபரேஷன் அவசியம் என்றார்கள். 2022-ல் வெளியான ஐரோப்பிய டாக்டர்களின் நெறிமுறை, எல்லாருக்கும் அது வேண்டியதில்லை என்கிறது. அறிகுறிகளைக் கேட்டும், ஸ்கேன் பார்த்தும் சிகிச்சையை ஆரம்பிக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

"எல்லாருக்கும் வருவதுதானே!", "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும்" என்றெல்லாம் நம் வீடுகளில் சொல்வது வழக்கம். கல்யாணம் இதற்கு மருந்து அல்ல, பிரசவமும் அல்ல. தவிர, குழந்தை உண்டாவதையே தாமதப்படுத்தும் காரணங்களில் இந்த நோயும் ஒன்று. இப்படித் தள்ளிப் போட்டுப் போட்டு, நோய் இன்னதென்று தெரிவதற்கே பல பெண்களுக்கு வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

மாதவிலக்கின்போது உங்கள் பெண் பள்ளிக்கூடம் போக முடியாமல் படுத்துவிடுகிறாளா? மருமகள் வேலைக்கு லீவு போடுகிறாளா? மலஜலம் கழிக்கும்போதோ, தாம்பத்திய உறவின்போதோ வலிக்கிறதா? மற்ற நாட்களிலும் அடிவயிற்றில் வலி இருக்கிறதா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு மூன்று மாதம் தேதி போட்டுக் குறித்துவையுங்கள்: வலி எந்த நாளில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எந்த வேலை தடைப்பட்டது என்று. அந்த நோட்டுடன் பெண்கள் நோய் டாக்டரிடம் போங்கள். வலி அளவு மீறியிருந்தால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

"வலிக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால், முதலில் அதை நம்புங்கள். மருந்து மாயமெல்லாம் அதற்குப் பிறகுதான்.