81 வயதில் செல்போன் விளையாட்டு செய்த பாட்டி!

குழந்தைகளே! நவராத்திரி வந்தால் கொலுப்படிகளில் பொம்மைகளை அடுக்கி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிலும் இதைப் போல ஒரு பண்டிகை உண்டு. பெயர் 'ஹினமட்சுரி'. மார்ச் 3-ம் தேதி கொண்டாடுவார்கள். பெண் குழந்தைகள் நலமாக வளர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசர், அரசி, தோழியர், இசைக் கலைஞர்கள், அமைச்சர்கள் என்று பொம்மைகளை வைப்பார்கள். எந்தப் பொம்மைக்கு எந்த இடம் என்று முறையும் உண்டு.

இந்தக் கொலுவைச் செல்போன் விளையாட்டாக மாற்றியவர் மசாகோ வகாமியா என்ற பாட்டி. 1935-ல் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெறும் காலத்தில், வயதான தன் தாயாரை வீட்டிலிருந்து கவனிக்க வேண்டியிருந்தது. வெளியே போய்த் தோழிகளைப் பார்க்க நேரம் கிடைக்காது. அதனால் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். இணையம் வழியாக முதியோர் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். வீட்டில் இருந்தபடியே நண்பர்கள் கிடைத்தார்கள்!

பிறகு செல்போன் வந்தது. அதிலுள்ள விளையாட்டுகள் எல்லாம் வேகமான விரல்களுக்கு ஏற்றவை. வயதானவர்கள் ஜெயிக்க முடியவில்லை. முதியவர்களுக்கென்று ஒரு விளையாட்டு செய்து தரும்படி கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 'நாமே செய்தால் என்ன?' என்று புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். 2017-ல் 'ஹினாதான்' என்ற அவருடைய செயலி வெளியானது. 12 பொம்மைகளை 4 படிகளில் சரியான இடத்தில் வைக்க வேண்டும். அதே ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் மாநாட்டுக்கு அவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சிறப்பித்தது.

அந்த விளையாட்டில் விரலை இழுக்க வேண்டியதில்லை, தொட்டாலே போதும். ஏன் தெரியுமா? நம் விரல் மின்சாரத்தைச் சிறிதளவு கடத்துவதால்தான் செல்போன் திரை அதை உணர்கிறது. வயதானால் தோல் உலர்ந்துவிடும். அப்போது திரை விரலைச் சரியாக உணராது. கையும் நடுங்கினால், இழுப்பது இன்னும் கடினம். பாட்டி திரும்பத் திரும்ப அழுத்துவது தெரியாததால் அல்ல. திரை அவருக்காகச் செய்யப்படாததால்!

நம் செங்கம் பகுதியிலும், ஜவ்வாது மலைக் கிராமங்களிலும் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டி மட்டும் இருக்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்கு ஒரு செயலி செய்தால் அது எப்படி இருக்க வேண்டும்? எழுத்து பெரியதாக, வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். பெயருக்குப் பதில் மகன், பேத்தியின் முகம். தொட்டால் உடனே அழைப்பு போக வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் பேசிக் காட்ட வேண்டும். தவறாகத் தொட்டுவிட்டால், பழைய இடத்துக்குத் திரும்ப ஒரே பொத்தான் போதும்.

சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. 2021-ல் நாடு முழுவதற்கும் வந்தது. கட்டணம் இல்லை. மனம் சோர்ந்தாலும் கூப்பிட்டுப் பேசலாம். வீட்டுச் சுவரில் இதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை! ஒரு தாளில் செல்போன் திரை போலக் கட்டம் போட்டு, உங்கள் செயலியை வரையுங்கள். தாத்தாவிடமோ பாட்டியிடமோ கொடுத்து, "மாமாவுக்கு போன் போடணும்னா எங்கே தொடுவீங்க?" என்று கேளுங்கள். நீங்கள் காட்டிக் கொடுக்கக் கூடாது! அவர்கள் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அங்கேதான் உங்கள் படத்தைத் திருத்த வேண்டும். பெரிய நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களும் இப்படித் தாளில் வரைந்து சோதிப்பது உண்டு.

திருத்தித் திருத்தி நாலைந்து தாள் ஆகலாம். ஆகட்டுமே! அவ்வளவு நேரமும் பாட்டிக்குப் பேச்சுத் துணையாக நீங்கள் இருப்பீர்கள் அல்லவா?