பெரிய படமும் சிறிய திரையும்

வடசென்னையில் வியாசர்பாடியை ஒட்டி எம்.கே.பி. நகர் அமைந்துள்ளது. மகாகவி பாரதி நகர் என்பது அதன் விரிந்த பெயர். அந்நகரின் தெரு ஒன்றில் மழைநீர் வடிகால் அமைக்க வேண்டியுள்ளது எனக் கொள்க. தெருவின் அடியில் குடிநீர்க் குழாய் செல்லும், கழிவுநீர்க் குழாய் செல்லும், மின்வடமும் செல்லும். இவை இருக்குமிடம் அறியாது தோண்டினால் குழாய் உடையும்; குடிநீரில் கழிவுநீர் கலக்கும்; நோய் பரவும். ஆதலின், மண்வெட்டி நிலத்தில் படுமுன் வரைபடம் பிழையற்றதாக இருத்தல் இன்றியமையாதது.

இக்காலப் பொறியாளர் வரைபடங்களைக் கணினியில் ஆக்குகின்றனர். நிலம் அளந்தோர் ஒரு கோப்பையும், குழாய் செய்தோர் மற்றொரு கோப்பையும் அனுப்புவர். வெவ்வேறு மென்பொருள்களில் பிறந்த அவற்றை ஒன்றாகத் திறந்தவுடன் கணினி திணறுகின்றது. படத்தைச் சிறிது நகர்த்தவும் நெடுநேரம் ஆகின்றது. இதற்குக் காரணம் யாது?

ஒரு வட்டத்தை நினைவிற் கொள்ள அதன் மையமும் ஆரமும் போதும். ஆயின், ஒரு மென்பொருளினின்று மற்றொன்றிற்குப் பெயரும்போது இவ்வறிவு பலமுறை அழிந்துபோகின்றது. வளைந்த பரப்புகள் எண்ணற்ற சிறு முக்கோணங்களாகின்றன. எஸ்.டி.எல். என்னும் கோப்பின் இரும வடிவில் ஒரு முக்கோணத்திற்கு 50 பைட்டு இடம் வேண்டும். முக்கோணங்கள் ஒரு கோடியாயின் 50 கோடி பைட்டு வேண்டும். குழாயை இணைக்கும் திருகாணியின் மரை ஒவ்வொன்றும் இக்கணக்கில் சேரும். தெருவைத் தோண்டுவோர்க்குத் திருகாணியின் மரையால் பயன் என்ன?

பெரியதைச் சிறிய இடத்தில் அடக்கும் இடர் புதியதன்று. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். அதினின்று முக்கோணங்களாக விரிந்த அளவை நாடு முழுவதும் பரவியது. நாட்டின் படம் முழுவதையும் ஒரே மேசையில் நுணுக்கமாக விரித்தல் இயலுமோ? இயலாது. ஆகவே, இந்திய நில அளவைத் துறையினர் அதனை எண்ணிட்ட தாள்களாகப் பகுத்தனர். ஒவ்வொரு தாளையும் பதினாறாகவும், அவற்றை மீண்டும் பதினாறாகவும் பிரித்தனர். சென்னைக்கு வேண்டுவோர் 66-ஆம் எண் தாளின் பகுதிகளை எடுத்தால் போதும்; இமயமலையின் தாளை விரிக்க வேண்டுவதில்லை.

கணினியிலும் வழி இதுவே. முதற்கண், வந்த கோப்பின் மூலப்படியைத் தொடாமல் காத்தல் வேண்டும். பின்னர் படத்தைப் பகுதிகளாகவும் அடுக்குகளாகவும் பிரித்து, வேண்டியவற்றை மட்டும் திறத்தல் வேண்டும். ஒரே வகை மூடிகள் நூறு இருப்பின், ஒன்றை வரைந்து மற்ற இடங்களில் அதனைச் சுட்டினால் போதும். 1963-ஆம் ஆண்டில் ஐவான் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர் ஆக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் வரைமுறையிலேயே இவ்வுத்தி இருந்தது.

மற்றோர் இடரும் உண்டு. அளவைக் கணக்கில் எம்.கே.பி. நகர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 14,50,000 மீட்டர் தொலைவில் உள்ளது. திரையில் படம் காட்டும் கணக்கோ பெரும்பாலும் ஏழு இலக்க நுட்பமே உடையது. இத்தகைய பேரெண்ணில் பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்த வேறுபாட்டை அது காட்டமாட்டாது. நேர்கோடும் நடுங்கித் தோன்றும். தெருவின் ஒரு மூலையைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டால் எண்கள் சிறுக்கும், கோடு திருந்தும். ஆனால், கழித்த எண்ணைக் குறித்து வைத்தல் வேண்டும். குறிக்கத் தவறின், வடிகால் படத்தில் அழகாக இருக்கும். நிலத்தில் அதற்குரிய இடம் தெரியாது.

குறைத்தல் வேறு, இழத்தல் வேறு. திருகாணியின் மரையை நீக்கலாம். மின்வடத்தின் ஆழத்தை நீக்கலாகாது. எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதைக் கணினி அறியாது. அதனை அறிந்து தெளிதல் வரைவோரின் கடமை. அத்தெருவில் தண்ணீர்க்குடம் ஏந்தி வருவோரின் நலம் அத்தெளிவையே சார்ந்துள்ளது.